கம்பிப்பந்தலில் தொங்காத ஒரு தாள்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து உட்காரும்போது படியுங்கள்.

போன வாரம் என் தங்கை பேரன் மூன்றாம் வகுப்பு முடித்தான். 'இந்த ஆண்டு நான் கற்றவை' என்று பள்ளியில் எழுதச் சொன்னார்களாம். அரைப்பக்கம் எழுதியிருந்தான். வாய்பாடு பதினாறு வரை தெரியும், நீச்சல் இன்னும் வரவில்லை, பக்கத்தில் உட்காரும் பையனோடு சண்டை போட்டு ராசியாகிவிட்டேன் என்றெல்லாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் ஒரு பூங்கொத்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளை தன் ஒரு வருஷப் படிப்பைப் பற்றித் தானே சொல்வது நம் கல்வி வரலாற்றில் எவ்வளவு அபூர்வம் என்று தோன்றியது. அப்படி ஒரு தாள் என் கைக்கு வந்தபோது நான் அதை என்ன செய்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

1822-இல் சென்னை ராஜதானியின் கவர்னர் தாமஸ் மன்றோ, அவரவர் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களைக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் தொகை வந்தது. 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். திண்ணைப் பள்ளிகளைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் இந்த எண்ணைச் சொல்வார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அத்தனை பிள்ளைகளில் ஒரு பிள்ளை அந்த வருஷம் என்ன கற்றது, எது புரியாமல் அழுதது என்பதை அந்தத் தொகை சொல்லாது. அதற்கு உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' போன்ற புத்தகங்களைத்தான் தேட வேண்டும். திண்ணைப் பள்ளி எப்படி நடந்தது என்று அதில் அருமையாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அதை எழுதியது எண்பது வயது கடந்த பிறகு. எட்டு வயதில் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மன்றோவுக்கும் முன்னால், 1790-களில், சென்னை எழும்பூர் அநாதை இல்லத்தில் இருந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் இல்லத்திலும் கொண்டுவந்து, பெரிய பையன்களை விட்டுச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நம் ஊர் மணல் கப்பலேறிப் போனது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பிறகு வந்தது தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் கொடுக்கும் முறை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம் கிடைக்கும். வருஷம் முழுக்கப் படித்த படிப்பு அந்த ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். வாத்தியாரின் சாப்பாடு பிள்ளையின் வாயிலிருந்து வரும் பதிலை நம்பி இருந்தால் பதிவேடு எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

நம் கரிசல் காட்டுக்கு வருகிறேன். பள்ளிக்கூட வருஷம் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். மானாவாரி வருஷம் வேறு. புரட்டாசியில் விதைப்பு, கார்த்திகை மார்கழியில் களையெடுப்பு, தையில் உளுந்தும் பாசியும், மாசி பங்குனியில் பருத்தியும் மிளகாயும். பரீட்சை நெருங்க நெருங்கக் காட்டில் ஆள் தேவை கூடும். ஆனி ஆடியில் நிரம்பி வழிந்த வகுப்பு மாசியில் பாதியாகிவிடும். 1953-இல் ராஜாஜி தொடக்கப்பள்ளியை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றபோது நாடே எதிர்த்தது. அடுத்த வருஷம் காமராசர் அதைக் கைவிட்டார். சரியான காரியம். பக்கத்து எட்டயபுரத்தில் அவர் தொடங்கிவைத்த மதிய உணவும் எத்தனையோ பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்தது. ஆனால் மிளகாய்ப் பழம் பழுத்துவிட்டால் எந்த உத்தரவும் எங்கள் பக்கத்தில் நிற்காது.

2007-08-இல் தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியால் மாநிலம் முழுக்க விரிந்தது. அந்தக் காலத்தில் என்னிடம் படித்தவர்களுக்கு ஏணிப்படி நினைவிருக்கும். ஒவ்வொரு பாடமும் சின்னச் சின்ன அட்டைகளாகும், அட்டையில் ஒரு படம், சுவரில் ஏணி. நீங்கள் எந்தப் படத்தில் நிற்கிறீர்களோ அந்த அட்டையை நீங்களே எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்காருவீர்கள். ஒன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே வட்டத்தில். சுவரோரம் தாழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப்பந்தலில் நீங்கள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும்.

எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இருபது வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவளைப் பாயில் உட்காரச் சொன்னால் எப்படி? ஒரு தாத்தா வாசலில் நின்று, "புஸ்தகத்தப் பிடுங்கிட்டு சீட்டு வெளையாடச் சொல்றீகளாக்கும்" என்று கேட்டே விட்டார். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஒரே டீச்சர் இருக்கும் பள்ளியில் ஆறு குழுவையும் பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பார்த்து எழுதிவிட்டு அட்டையை முடித்துவிட்டேன் என்று ஓடிவரும் கெட்டிக்காரர்களும் இருந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய முறையில் மூன்று வாரம் கழித்து வரும் பிள்ளைக்குப் பாடம் ஓடிப் போயிருக்கும். அது பின்பெஞ்சில் போய் உட்காரும். அடுத்த வருஷம் வராது. ஏணியில் அப்படி இல்லை. விட்ட படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்த முறையை வகுத்தவர்கள் எங்கள் மிளகாய்க் காட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எங்கள் ஊருக்கென்றே செய்தது போல இருந்தது.

அந்த முறையில் பிள்ளைகளே தங்கள் வருகையைக் குறித்துக்கொள்ள அட்டை உண்டு. டீச்சருடைய பதிவேடு தனி. 2009 மாசியில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 19 நாள் வரவில்லை. எங்கே போனாள் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் அந்த 19 நாளும் அவள் வந்ததாகப் போட்டேன். வரவில்லை என்று போட்டால் ஏன் என்று எழுத வேண்டும். உண்மையை எழுதினால் அவள் அம்மாவுக்குத் தொல்லை, பள்ளிக்குக் கேள்வி. அவள் அம்மாவுக்காகச் செய்தேன் என்று பலநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். விளக்கம் எழுதும் வேலை மிச்சமானது என்பதும் உண்மை. திரும்பி வந்தவளிடம் அவளுடைய அட்டையைக் கொடுத்து, "எல்லாக் கட்டத்திலயும் டிக் போட்ரும்மா" என்றேன். "நான் வரலியே டீச்சர்" என்றாள். போடவில்லை.

ஏப்ரலில், கம்பிப்பந்தலில் தொங்கவிட ஆளுக்கொரு தாள் கொடுத்து, இந்த வருஷம் என்ன படித்தீர்கள், எழுதுங்கள் என்றேன். பெரும்பாலும் 'டீச்சர் நல்லவர்கள்' வகை. இவள் எழுதியதைப் பிழைகளைத் திருத்தித் தருகிறேன்:

"இந்த வருசம் வகுத்தல் படித்தேன். கதை அட்டை எனக்குப் பிடிக்கும். பழம் எடுக்க 19 நாள் போனேன். கை எரிந்தது. நான் எத்தனை பெட்டி எடுத்தேன் என்று குச்சியால் தரையில் கோடு போட்டு வைத்தேன். காட்டுக்காரர் இரண்டு பெட்டி குறைத்துச் சொன்னார். நான் சொன்னேன். அம்மா வாயை மூடு என்றாள். திரும்பி வந்து பார்த்தேன். என் அட்டை அங்கேயே இருந்தது. டீச்சர் நோட்டில் நான் வந்ததாக இருக்கிறது. நான் வரவில்லை."

பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோக நான்தான் அவளிடம் கொடுத்தனுப்புவேன். வழியில் புரட்டிப் பார்த்திருக்கிறாள்.

மற்ற தாள்களையெல்லாம் பந்தலில் தொங்கவிட்டேன். பார்வைக்கு வருகிறவர்கள் நின்று படிப்பார்கள். இவளுடையதை மடித்து என் பைக்குள் வைத்தேன். மறுநாள் அவள் அண்ணாந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசித் தாள் வரை பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாயில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த முறை பிறகு மெல்லத் தேய்ந்தது. இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். நம் காலத்துப் படிப்பைப் பற்றி நாளைக்கு யாராவது எழுத உட்கார்ந்தால் அவர் கையில் கிடைப்பது என்னைப் போன்றவர்கள் நிரப்பிய பதிவேடுகள்தான். அதனால் உங்களிடம் கேட்கிறேன். எந்த வருஷமானாலும் சரி, நாலாம் வகுப்பில் ஒரு வருஷம் உங்களுக்கு எப்படிப் போனது என்று எழுதியனுப்புங்கள். எத்தனை நாள் வரவில்லை, எங்கே போனீர்கள் என்பதையும் சேர்த்து. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது 25, 26 வயது இருக்கும். எட்டாவது வரை வந்தாள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். யாருக்காவது யார் என்று புரிந்தால் இங்கே பெயரைப் போட வேண்டாம். அவளிடம் மட்டும் சொல்லுங்கள். தாள் என் ட்ரங்குப் பெட்டியில், பயிற்சிப்பள்ளிச் சான்றிதழுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. நாகலாபுரம் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். சாயங்காலம் நான் வாசல் திண்ணையில்தான் இருப்பேன்.