தரவுப் பதிவு வேலை கடல் கடக்கலாம், பொறுப்பு கடக்காது

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் சிறிய அலுவலகம் நடத்துவோருக்குப் பற்றுச்சீட்டு, வாடிக்கையாளர் பாரம், சரக்குக் கணக்கு ஆகியவற்றைக் கணினியில் ஏற்ற ஆள் தேவை. உள்ளூரில் முழுநேர ஊழியரை வைத்தால் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதற்குமேல் முதலாளியின் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு, சொக்சோ தனி. அதனால்தான் தமிழ்நாடு, இலங்கை, பிலிப்பீன்ஸ் நாட்டவருக்கு இணையம் வழி வேலையைக் கொடுக்கும் எண்ணம் வருகிறது. மணிலாவுக்கும் நமக்கும் ஒரே நேரம். சென்னையும் கொழும்பும் இரண்டரை மணி நேரம் பின்தங்கியவை; இங்கே மாலை 6 மணிக்கு அனுப்பினால் அங்கே பிற்பகல் 3.30தான்.

1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் தொடங்கியபின், ஷெல், எச்எஸ்பிசி போன்றவற்றின் சேவை மையங்கள் சைபர்ஜெயாவுக்கு வந்தன. அன்று பிற நாட்டு வேலையைப் பெற்ற கிள்ளான் பள்ளத்தாக்கு, இன்று வெளியேயும் அனுப்புகிறது.

அனுப்புமுன் மைகார்டு எண்ணைக் கவனிக்க வேண்டும். அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க இது கைகொடுக்கும். அதே காரணத்தால்தான் அந்த எண் கண்டவர் கைக்குப் போகக் கூடாது. அடையாள அட்டை நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புவது பலரிடம் உள்ள பழக்கம்; மோசமான பழக்கமும்கூட.

2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளியே கொடுத்தாலும் தரவைப் பாதுகாக்கும் கடமை நிறுவனத்துடையதே. 2024இல் செய்த திருத்தம், சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவோருக்கான அபராத உச்சத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாகவும், சிறைத்தண்டனை உச்சத்தை இரண்டிலிருந்து மூன்று ஆண்டாகவும் உயர்த்தியது. பெரும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும், இது 1.6.2025 முதல் நடப்பு. தரவு போய்ச் சேரும் நாட்டில் இணையான பாதுகாப்பு உண்டா என்று பார்ப்பதும் அனுப்புபவர் வேலை.

ஆகவே சரக்குக் கணக்கு, பழைய பற்றுச்சீட்டு போன்றவற்றை அனுப்பலாம். சம்பளப் பட்டியல், மருத்துவக் குறிப்பு இங்கேயே இருக்கட்டும். முதலில் விடை தெரிந்த 100 பதிவுகளைக் கொடுத்துப் பிழையை எண்ணிப் பார்த்த பிறகு விலை பேசுவது நல்லது. நம் பெயர்களில் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ வெளிநாட்டவருக்குப் புரியாது. அதைக் குடும்பப்பெயர் என்று நினைத்துத் தனிக் கட்டத்தில் போட்டுவிடுவார்கள். இதைப் பிடிக்க உள்ளூர்க் கண் தேவை. தோட்டத்துக் கிராணியாருக்குத் தனி மதிப்பு கொடுத்த சமூகம் இது. தட்டச்சு வெளியே போனாலும், சரிபார்க்கும் வேலையை இங்குள்ள ஒருவருக்குக் கொடுத்தால் பிழையும் குறையும், ஒரு வேலையும் மிஞ்சும்.

இ-இன்வாய்ஸ் முறைக்குள் வந்துவிட்ட நிறுவனம், வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கான இ-இன்வாய்ஸைத் தானே தயாரிக்க வேண்டும். பணம் அனுப்பிய ரசீது மட்டும் போதாது.