லண்டனில் ஒரு ஆயா விடுதி

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் இப்போது ஏஜென்சிக்குப் போன் செய்கிறார்கள், இல்லையென்றால் இணையத்தில் தேடுகிறார்கள். ஆதார் நகல், முன்பு வேலை பார்த்த வீட்டின் போன் நம்பர், போலீஸ் சரிபார்ப்பு என்று வருகிற பெண்ணைப் பற்றி எல்லாவற்றையும் விசாரித்துவிடுகிறோம். நம் வீட்டைப் பற்றி அந்தப் பெண் யாரிடம் போய் விசாரிப்பாள்? இந்தக் கேள்வி ரொம்பப் பழையது. அதற்கு ஒரு கதை இருக்கிறது. நடந்த இடம் லண்டன், அதில் வருகிற பெண்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து போனவர்கள்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். வெள்ளைக்காரர் வீட்டு "ஆயா" போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு செவிலி என்று பொருள். அதன் வேர் லத்தீனில் பாட்டியைக் குறிக்கும் "அவியா" என்கிறார்கள். நம் ஊரில் பல இடங்களில் பாட்டியையே ஆயா என்றுதான் கூப்பிடுகிறோம். அது தாயைக் குறிக்கும் "ஆய்" என்ற நம் சொல்லோடு தொடர்புள்ளது. எங்கெங்கோ கிளம்பிய இரண்டு சொற்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, வேடிக்கைதான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். கம்பெனி காலத்திலிருந்தே ஆங்கிலேயக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் குழந்தைகளைக் கவனிக்க ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கான பயணம். துரைசானிக்குக் கடல் குமட்டல் வந்து படுத்துவிட்டால், குழந்தைகளுக்கு எல்லாமே ஆயாதான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பயணம் சில வாரங்களாகக் குறைந்தது, போய்வரும் குடும்பங்கள் பெருகின, கூடப்போகும் ஆயாக்களும் பெருகினார்கள். 54 முறை கடல் கடந்ததாகச் சொன்ன ஒரு ஆயாவைப் பற்றிய குறிப்புகூட இருக்கிறது. (நம்மில் எத்தனை பேர் ஒரு முறையாவது கப்பல் ஏறியிருக்கிறோம்?)

சிக்கல் இங்கிலாந்தில் இறங்கிய பிறகு ஆரம்பித்தது. குழந்தை வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, இனி ஆயா எதற்கு? நல்ல குடும்பம் திரும்பிப் போக டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. மற்றவர்கள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் பெரும்பாலும் கிடையாது. வாய்ப்பேச்சை நம்பித்தான் கப்பல் ஏறியிருந்தார்கள். 1855இல் கிழக்கு லண்டனில், பெயர் கெட்ட ஒரு விடுதியில் மட்டும் 50, 60 ஆயாக்கள் தங்கியிருந்ததாகத் தெரியவந்தது. வாடகைப் பணம் தீர்ந்தால் அங்கிருந்தும் வெளியேற வேண்டியதுதான்.

இவர்களுக்காக ஆல்ட்கேட் பகுதியில் ஒரு ஆயா விடுதி இருந்தது. பின்னர் லண்டன் சிட்டி மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு அதை ஏற்று நடத்தியது. 1900இல் ஹாக்னி பகுதியின் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26ஆம் எண் வீட்டுக்கு விடுதி மாறியது. சுமார் 30 அறைகள். இந்திய ஆயாக்களோடு சீனாவிலிருந்து வந்த "அமா"க்களும் தங்கினார்கள். மதம் மாற்றும் ஆசையும் அந்த அமைப்புக்கு இருந்தது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

என் ஆர்வமெல்லாம் அந்த விடுதி வேலை பிடித்துக் கொடுத்த முறையில்தான். கூட்டிவந்த குடும்பம் கொடுத்த திரும்பும் டிக்கெட்டை ஆயா விடுதியில் ஒப்படைப்பாள். இந்தியா கிளம்பும் இன்னொரு குடும்பம் ஆள் தேடி அங்கே வரும். டிக்கெட்டோடு சேர்த்து ஆயாவையும் அமர்த்திக்கொள்ளும். டிக்கெட்டுக்கு அந்தக் குடும்பம் கொடுக்கும் பணத்தில்தான், கப்பல் ஏறும்வரை அவளுடைய சாப்பாடும் தங்குமிடமும். ஆக ஒரே சீட்டு பயணச் செலவாகவும், தங்கும் செலவாகவும், அடுத்த வேலைக்குச் சிபாரிசாகவும் ஆனது! ரொம்பக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது முதல் எஜமானியின் நல்ல மனசைச் சார்ந்திருந்தது. டிக்கெட்டே கொடுக்காமல் விட்டவர்களின் ஆயாக்களுக்கு விடுதி இரக்கப்பட்டு இடம் கொடுத்தால்தான் உண்டு.

விடுதிக்கு வெளியேயும் ஆள் பிடிக்கும் வழிகள் இருந்தன. செய்தித்தாள்களில் வரி விளம்பரங்கள் வந்தன. பயண ஏஜென்சிகளும் கைமாற்றிவிட்டன. 1908இல் அப்படிக் கைமாறிப் போன ஒரு ஆயாவைப் புதிய குடும்பம் வேலை முடிந்ததும் லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் கையில் ஒரு பவுண்டோடு விட்டுவிட்டுப் போய்விட்டது. யார் பொறுப்பு? கூட்டிவந்தவர், ஏஜென்சி, கடைசிக் குடும்பம் என்று ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டலாம். ரயில் நிலையத்தில் நின்றவள் யாரைக் கைகாட்டுவது? இங்கிலாந்தில் தவித்து நின்ற இந்தியர்களைப் பற்றி விசாரித்து 1910இல் அறிக்கை கொடுத்த அரசுக் குழுவிடம் ஆயா விடுதிப் பொறுப்பாளரும் சாட்சி சொன்னார்.

எஜமானிகளின் பக்கம் பாதுகாப்பு எப்போதும் பலமாக இருந்தது. அன்றைய இந்தியாவில் வேலைக்காரர்கள் பழைய வீட்டார் எழுதிக்கொடுத்த நற்சான்றுச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அது இல்லாமல் வேலை கிடைப்பது கஷ்டம். அந்த வீட்டாரைப் பற்றி வேலைக்காரர் எழுதும் சீட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. இன்றைய ஏஜென்சிப் படிவங்களை எடுத்துப் பாருங்கள், அதே ஒருபக்கக் கணக்குதான். வீட்டு வேலையாட்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல்தான் வந்தது. ஏஜென்சியின் கட்டணத்தை வேலையாளின் சம்பளத்தில் பிடிக்காமல் அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

கிங் எட்வர்ட்ஸ் ரோடு வீடு இப்போது குடியிருப்பு. அப்பகுதியைச் சேர்ந்த ஃபர்ஹானா மமூஜி என்ற பெண் சில ஆண்டுகள் விடாமல் முயன்றதில், 2022 ஜூனில் அங்கே நீல நினைவுப் பலகை வைத்தார்கள். அந்த வீட்டில் தங்கியவர்கள் யார் யார் என்று தேடுகிறவர்கள் பழைய கப்பல் பயணிகள் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். அதில் துரைக்கும் துரைசானிக்கும் முழுப்பெயர் இருக்கிறது, குழந்தைகளுக்கும் இருக்கிறது. அதற்குக் கீழே பல இடங்களில் "ஆயா" என்ற ஒரே சொல்தான்.