குன்றின் மேல் நோவா? தாமஸ் கோலின் ‘ஆக்ஸ்போ’ ஓவியமும் ஊழிக்காலமும்

மாத்யூ பைகலும் ஆலன் காஃப்மனும் 1981இல் ‘ஆர்ட்ஸ் மேகசீன்’ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, தாமஸ் கோலின் ‘ஆக்ஸ்போ’வைப் பற்றி எழுதப் புகும் எவரும் அந்தக் குன்றைத் தாண்டிப் போக முடிவதில்லை. 1836இல் தீட்டிய ஓவியம் அது. இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாசசூசெட்ஸின் ஹோலியோக் மலையுச்சியிலிருந்து தெரியும் கனெக்டிகட் ஆற்றின் வளைவுதான் காட்சி. ஆற்றுக்கு அப்பால், தொலைவில், காடு வெட்டிய திட்டுகளோடு ஒரு குன்று. அத்திட்டுகளை எபிரேய எழுத்துகள் என்றார்கள் அவ்விருவரும். நேராகப் படித்தால் ‘நோவா’. தலைகீழாக, அதாவது மேலிருந்து கடவுள் நோக்கும் கோணத்தில் படித்தால் ‘ஷத்தாய்’, சர்வவல்லவர்.

இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஜலப்பிரளயம் கோலுக்குப் புதிய பொருளன்று. நீர் வடியும் காட்சியை அவர் 1829லேயே தீட்டியிருக்கிறார். அதன் முன்புறத்தில் ஒரு மண்டையோடு, தொலைவில் பேழை. புயல் விலகி வெயில் விழும் ‘ஆக்ஸ்போ’வைப் பார்ப்பவருக்கு நோவாவின் நினைவு வருவது இயல்பே.

ஆனால் நினைவு வருவது வேறு, எழுதியிருப்பது வேறு. எபிரேயத்தில் ‘நோவா’வுக்கு இரண்டே எழுத்துகள்: நூன், ஹேத். ‘ஷத்தாய்’க்கு மூன்று. அதே திட்டுகள் ஒரு பக்கம் இரண்டாகவும், மறுபக்கம் திருப்பினால் மூன்றாகவும் பிரிய வேண்டும். எந்தக் கீற்றை எதனோடு சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பவர் ஓவியரல்லர், படிப்பவர். மேலும், காடு வெட்டிய வடு ஓவியத்தில் இருப்பதற்கு மறைபொருள் எதுவும் தேவையில்லை. அதே 1836இல் அச்சான அமெரிக்க நிலக்காட்சி பற்றிய தம் கட்டுரையில், கோடரி செய்யும் அழிவை நொந்துகொண்டவர் கோல். வடு வடுவாகவே நின்று பேசக்கூடியது.

பைகலும் காஃப்மனும் நோவாவைத் தேடிய இடம்தான் தவறு என்பது இக்கட்டுரையின் கருத்து. அவர் குன்றின் மேல் இல்லை. மலையடிவாரத்துப் பேச்சில் இருந்தார்.

ஹோலியோக் மலைத்தொடரின் தென்புறத்தில் சவுத் ஹாட்லி என்னும் ஊர். 1802இல் அங்கே பிளினி மூடி என்ற பண்ணைச் சிறுவன் உழும்போது ஒரு கற்பலகை மேலே வந்தது. அதில் மூவிரல் காலடித் தடங்கள். ‘நோவாவின் அண்டங்காக்கை’ நடந்த தடம் என்று ஊரார் வேடிக்கையாகச் சொன்னார்கள். பேழையிலிருந்து முதலில் பறக்கவிட்டது அண்டங்காக்கையைத்தானே! ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் நிலவியலாளர் எட்வர்ட் ஹிட்ச்காக், இப்பள்ளத்தாக்கின் கல்தடங்களைப் பேருருவப் பறவைகளின் தடங்களென விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். ஆண்டு 1836. அவை டைனோசர்களின் தடங்கள் என்பது பின்னால் தெரியவந்தது. அக்கட்டுரைக்கு மூன்றாண்டு முன் வெளிவந்த அவரது மாசசூசெட்ஸ் நிலவியல் அறிக்கையிலும் பெருவெள்ளப் படிவுகளுக்குத் தனி இடம் உண்டு. படங்களை வரைந்தவர் அவர் மனைவி ஓரா. வேதாகமமும் பாறையும் ஒரே மேசையில் கிடந்த காலம் அது.

கோல் ஹிட்ச்காக்கின் கட்டுரையைப் படித்தாரா என்பதில் இந்த வாதம் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஓவியம் முந்தியதா, கட்டுரை முந்தியதா என்று மாதக் கணக்குப் பார்ப்பதும் வீண். ஹோலியோக் உச்சியில் 1821லேயே பயணிகளுக்குக் குடில் இருந்தது. காட்சி பார்க்க வந்தோர் இந்தப் பேச்சைக் கேட்டிருக்க வாய்ப்பு மிகுதி. இது ஊகம்தான். என்றாலும் தலைகீழ் எழுத்தைவிட உறுதியான ஊகம். அந்த மலையோ ஏறக்குறைய 20 கோடி ஆண்டுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல். பள்ளத்தாக்கில், பனியூழி முடிவில், உருகிய நீர் தேங்கிப் பேரேரி ஒன்று நின்றது. அதற்கு இன்று ஹிட்ச்காக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தது உண்மை, நோவாவின் வெள்ளமன்று.

அடுத்தது கித்தானின் கதை. தம் புரவலர் லூமன் ரீடுக்காகப் பேரரசொன்றின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஐந்து ஓவியங்களாகத் தீட்டிக்கொண்டிருந்த கோல், நடுவே ‘ஆக்ஸ்போ’வை முடித்து அவ்வாண்டின் தேசிய கலைக்கழகக் கண்காட்சிக்கு வைத்தார். இதன் அடியில் அத்தொடரின் நடு ஓவியத்துக்குரிய கைவிட்ட வரைவு கிடப்பதை அருங்காட்சியகத்தின் தொழில்நுட்ப ஆய்வு காட்டியது. பேரரசின் உச்சத்தை மூடிக்கொண்டு வயல்வெளி விரிகிறது. மறைந்திருக்கும் பொருளைத் தேடுவோர் குன்றைவிட இங்கே தோண்டினால் பலன் உண்டு.

வளைவின் வடிவமும் மலைமேல் மட்டும் கிடைத்ததன்று. பேசில் ஹால் என்ற பிரிட்டிஷ் கப்பற்படை அதிகாரி கேமரா லூசிடா என்ற வரைகருவி கொண்டு வரைந்த அதே காட்சியின் அச்சுப்படம் 1829இல் வெளிவந்தது. லண்டன் சென்றிருந்த கோல் அதை ஒற்றியெடுத்தார். லங்காஷயரின் போல்டனில் 1801இல் பிறந்து, 1818இல் குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்காவில் குடியேறியவருக்கு, தாம் புகுந்த நாட்டின் புகழ்பெற்ற நிலம் பிறந்த நாட்டில் ஒற்றுத்தாளில் கைக்கு வந்தது. இதே காட்சியைக் கோல் பென்சிலால் வரைந்த, 1833ஐ ஒட்டியதாகக் கருதப்படும் வரைவு அதற்குப் பிந்தியது.

ஓவியத்தின் முன்புறத்தில் குடையும் மடக்கு நாற்காலியும் கிடக்க, தூரிகையோடு திரும்பிப் பார்க்கும் மிகச் சிறிய ஓவியர் கோலேதான். காட்டுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட விளிம்பில் குடியேறியவர் தம்மை இருத்திக்கொள்கிறார். இடப்புறக் காட்டில் ஆளே இல்லை. நோனோடக் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம் அது. அதை ஆளில்லா ஆதிக்காடாகத் தீட்டியதும் நினைவின் வேலைதான், மறதி என்று சொல்வதே பொருத்தம். எபிரேய எழுத்துகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஆய்வுமரபு இந்த வெறுமையை இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம்.

1840இல் ஆறு வளைவின் கழுத்தை அறுத்து நேரே ஓடியது; வளைவு குதிரைக் குளம்பு ஏரியாயிற்று. ஆகவே ஓவியத்தை இன்றைய நிலத்தின் மேல் வைத்து அளக்க முயல்வோர், ஹாலின் அச்சுப்படத்தையும் கோலின் ஒற்றுத்தாளையுமே முதலில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.