டூரினில் வரைந்தது, சென்னையில் பிறந்தது, ஸ்ரீரங்கத்தில் விற்றது

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "பாய்லர் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "ஐயா சாமி, வேண்டாம். வீட்டில இருக்கிறவங்களும் படிக்கணும்" என்றார்கள். எனவே போன வருடம் நான் விற்ற ஒரு காரின் சரித்திரத்தை எழுதுகிறேன். பொறுத்தருள்க.

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் என் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. இரண்டு கதவு, 1966-ல் வாங்கியது. 1976-ல் புதுக் காவிரிப் பாலம் திறப்பதற்கு முன்பே, பழைய பாலத்தில் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடிய வண்டி. நான் பார்த்த காலத்தில் அதன் வேலை, தேங்காய் மட்டை மழையில் நனையாமல் காப்பாற்றுவது ஒன்றுதான். பெரியப்பா காலமானபின் பெரியம்மா, "எடுத்துட்டுப் போ, இல்லேன்னா காயலான் கடைக்குப் போட்டுடுவேன்" என்றார்.

இந்த வண்டியில் இத்தாலி எங்கே வந்தது? அதுதான் கதை.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் என்று ஒரு கம்பெனி. 1950-களின் கடைசியில் புதிதாக ஒரு சின்னக் கார் வேண்டியிருந்தது. ஆனால் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோவை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-லேயே விலைக்கு வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒன்றாக அடித்துத்தர ஆள் இல்லை. சரி, பழைய வழிக்கே போவோம் என்று தனியாக ஒரு சேஸிஸ் செய்தார்கள். அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரையும் போல்ட்டில்தான் நிற்கும். (இந்தக் கூரையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

உருவம் அழகாக வரவில்லை. தலைமை எஞ்சினியர் ஹாரி வெப்ஸ்டர், இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலொட்டியைப் பிடித்தார். மிக்கெலொட்டி போட்ட கோடுதான் ஹெரால்டு. 1959 ஏப்ரலில் வெளிவந்தது. 948 சி.சி. எஞ்சின், ரேக்-பினியன் ஸ்டியரிங். முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முதலை வாய் போலத் திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம்மூர்த் தேர் சித்திரை வீதி முனையில் திரும்ப எத்தனை முட்டுக்கட்டை, எத்தனை ஆள்! பெரியப்பா உத்தர வீதி முனையில் ஒரே ஒடியில் திருப்புவாராம்.

1960-ல் இங்கிலாந்தில் ஹெரால்டின் கூரையை எடுத்துவிட்டுத் துணிக்கூரை போட்ட கன்வர்ட்டிபிள் வந்தது. 1962-ல் அதே சேஸிஸைக் குட்டையாக்கி ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் கொண்டுவந்தார்கள். அதை வரைந்தவரும் மிக்கெலொட்டியே.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையில் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்), கவென்ட்ரிக் கம்பெனியோடு சேர்ந்து 1948-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியது. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. 1961 முதல் அங்கே ஹெரால்டு. பாகங்களைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி இங்கே பூட்டுவதற்கு, இந்த போல்ட் பாடி கச்சிதமாக அமைந்தது. பிறகு வருடா வருடம் உள்நாட்டுப் பாகங்கள் கூடின. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், சென்னைக்கு ஹெரால்டு என்று மூன்றே கார்கள் நாட்டை ஆண்ட காலம் அது. 1960-களின் முடிவில் நான்கு கதவு ஹெரால்டும் வந்தது. அது இங்கிலாந்திலேயே கிடையாது, நம்மவர்கள் செய்தது!

குறையும் உண்டு. பின் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் ஸ்விங் ஆக்ஸில். வேகமாகத் திரும்பினால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். நம் மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்கவேயில்லை. 1970-களின் தொடக்கத்தில் வந்த கஸல் என்ற காரில் அதை எடுத்துவிட்டு நேர் ஆக்ஸில் போட்டார்கள். கஸல் கொஞ்சமாகத்தான் உற்பத்தியானது, 1977-ல் நின்றுவிட்டது. 1985-ல் ரோவர் பாடிக்குள் பழைய வேன்கார்டு வம்சத்து எஞ்சினை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று விட்டார்கள். மாருதி வந்துவிட்ட காலம். எடுபடவில்லை. 1988-ல் கதை முடிந்தது.

என் பங்குக்கு வருகிறேன். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பாலக்கரையில் ஒரு பாய் எஞ்சினைப் பிரித்தார். பொன்மலை ஒர்க் ஷாப்பில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தரைத் தகட்டைப் புதிதாக வெட்டிப் பற்றவைத்தார். முதல் வருடத்தில் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொன்னபோது நாம் எல்லோரும் திட்டினோமே, அந்த ராவல் கதவுக் கீல்களுக்கு உதவியது. கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர்கள் கவனிக்கவும்.

வண்டி ஓடியது. வீட்டில் நிறுத்த இடமில்லை, கடனும் இருந்தது. விற்க முடிவு செய்தேன். புரோக்கர் ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, கூரை போல்ட்டுதானே? கழட்டிடுங்க. துணி டாப்பு நான் தைச்சுத் தர்றேன். இத்தாலியன் ஸ்போர்ட்ஸ் கன்வர்ட்டிபிள்னு போடுவோம். ரெண்டு மடங்கு விலை. பெங்களூர்ல ஆள் ரெடி."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் சங்கடம். வரைந்தவர் இத்தாலியர், சரி. இதே சேஸிஸில் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது, சரி. கூரையில்லாத ஹெரால்டும் இருந்தது, சரி. மூன்று உண்மைகளைச் சேர்த்தால் ஒரு சுத்தமான பொய் தயார்! ஏனென்றால் இந்த வண்டி கூரையோடு பிறந்தது, சென்னையில் பிறந்தது.

சட்டமும் குறுக்கே நின்றது. 50 வயது தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' எனப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். பதிவு 10 வருடம் செல்லும். விற்றால் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றை மாற்றியிருக்கக் கூடாது. கூரையை எடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வேஷம் போட்டால், வாங்குகிறவர் பிற்பாடு இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

மறுநாள் புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு தாளில் பட்டியல் எழுதினேன். எஞ்சின் பழையது, வயரிங் புதிது, தரைத் தகடு பொன்மலைப் பெரியவர் செய்தது, கார்புரேட்டர் வேறு வண்டியுடையது. கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். பட்டியலைப் படித்தார். பேரம் பேசினார். செலவழித்த பணம் வந்தது, ஞாயிற்றுக்கிழமைகள் இலவசம்.

வண்டி கிளம்பும்போது வாசலுக்கு வந்த பெரியம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "வளைவுல மெதுவாத் திரும்பணும்னு அவர்கிட்ட சொல்லிட்டியோ?"

சொல்லிவிட்டேன். பட்டியலில் அதுதான் முதல் வரி.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலும் ஒரு பழைய எஞ்சின், ஒரு லேத், ஒரு ஸ்கூட்டர் துருப்பிடித்துக் கிடக்கும். யார் வரைந்தது, யார் செய்தது, எதை எப்போது மாற்றினார்கள் என்று விசாரித்து எழுதி வையுங்கள். விற்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். என் தாள் இப்போது கோயம்புத்தூரில் டேஷ்போர்டுக்குள் பத்திரமாக இருக்கிறதாம்.