நாச்சோ என்பது ஒரு மனிதரின் பெயர்



பெருநாளைக்கு அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். முதல் நாள் சஹன் சாப்பாட்டில் எல்லோரும் களைத்திருந்ததால், பிள்ளைகள் மேசையில் வேறொன்றை ஒழுங்கு செய்தார்கள். நடுவில் சோளன் சிப்ஸ். சுற்றிவரக் கிண்ணங்களில் தண்ணீர் வற்றப் பிரட்டிய அரைத்த மாட்டிறைச்சி, அவித்த சிவப்பு போஞ்சி விதை, துருவிய சீஸ், வெட்டிய தக்காளிப்பழம், வெங்காயம், கொச்சிக்காய், யோகட். அவரவர் பீங்கானில் அவரவரே போட்டுச் சாப்பிட வேண்டும்.

"இதென்ன மகன், ஆக்கி முடியாமலே மேசையில வெச்சிட்டீங்க?" என்று மாமி கேட்டதும் வீடே சிரித்தது. ஆனால் சின்ன மகள் கேட்ட கேள்விதான் எங்களை மாட்டிவிட்டது. "நாச்சோ எண்டா என்ன அர்த்தம்?" பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்ததை உங்களோடு பகிர்கிறோம்.

ஜமால்தீனை நாம் ஜமால் என்று கூப்பிடுகிறோம் அல்லவா? அதுபோல ஸ்பானிய மொழியில் இக்னாசியோ என்பவரைச் செல்லமாக 'நாச்சோ' என்பார்கள். மெக்சிகோவின் வடக்கு எல்லையில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஈகிள் பாஸ் நகருக்கு நேரெதிரே, ஆற்றுக்கு இக்கரையில் பியத்ராஸ் நெக்ராஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே விக்டரி கிளப் என்ற உணவகத்தில் விருந்தினரைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர் இக்னாசியோ அனாயா.

1940களின் தொடக்கம். 1943 என்றே அதிகம் சொல்லப்படுகிறது. அக்கரையிலிருந்து சில அமெரிக்கப் பெண்கள் பசியோடு வந்தார்கள். சமையற்காரரைக் காணவில்லை. அனாயா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தானே குசினிக்குள் போனார். கையில் கிடைத்த சோளன் ரொட்டியை, அதாவது தோர்த்தியாவை, முக்கோணமாக வெட்டிப் பொரித்தார். ஒவ்வொரு துண்டிலும் சீஸ் வைத்துச் சூடுகாட்டி, மேலே ஊறுகாய் போட்ட ஹலபேனோ மிளகாய்த் துண்டொன்றை வைத்துக் கொடுத்தார். வந்தவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. 'நாச்சோவின் ஸ்பெஷல்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சோளனுக்குப் பின்னால் இன்னும் நீண்ட வரலாறு இருக்கிறது. தென்மேற்கு மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மக்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். சோளன் மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து ஊறவைத்து, தோலைக் கழுவி அரைத்தார்கள். இதனால் அதிலுள்ள நியாசின் என்ற விட்டமின் உடம்பில் சேரும். ஐரோப்பியர் சோளனைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பு முறையைக் கொண்டுபோகவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் சோளனையே நம்பி வாழ்ந்த ஏழைகளை பெலக்ரா என்ற நோய் வாட்டியது. தானியத்தை எடுத்தவர்கள், அதை ஆக்கத் தெரிந்தவர்களிடம் எப்படி என்று கேட்கவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த கொச்சிக்காயும் தக்காளிப்பழமும் இல்லாமல் இன்று எங்கள் குசினியில் ஒரு கறி ஆகாது. அவற்றை முதலில் பயிரிட்டவர்களை நாமும் நினைப்பதில்லை.

அனாயாவின் கதையும் அப்படித்தான். 1976இல் பிராங்க் லிபெர்ட்டோ என்ற வியாபாரி டெக்சாஸின் ஆர்லிங்டன் விளையாட்டரங்கில் நாச்சோ விற்கத் தொடங்கினார். வரிசையில் நிற்பவர்களுக்கு உடனே கொடுப்பதற்காக, உருகியபடியே இருக்கும் சீஸ் குழம்பைச் சிப்ஸ் மேல் ஊற்றினார்கள். அங்கிருந்து அது நாடெங்கும் பரவியது. அனாயா அதற்கு முந்தைய ஆண்டே, 1975இல் காலமாகிவிட்டார். தன் பெயரிலான அந்த உணவால் அவர் பெரும் செல்வம் எதுவும் சேர்க்கவில்லை. அவர் ஒவ்வொரு துண்டையும் தன் கையால் அலங்கரித்துக் கொடுத்தார். இன்று கிண்ணங்களை வைத்துவிட்டு விருந்தாளியையே போட்டுக்கொள்ளச் சொல்கிறோம்.

அதிலும் ஒரு நன்மை உண்டு. உறைப்பு ஆகாத பெரியவர், இறைச்சி சாப்பிடாத அயல்வீட்டுச் சகோதரர், பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என எல்லோரும் சங்கடமில்லாமல் ஒரே மேசையில் சாப்பிடலாம். வைக்க விரும்புவோர் சீஸ் பக்கெட்டில் ஹலால் முத்திரையைப் பாருங்கள். இறைச்சியைச் சூடாக வையுங்கள். தக்காளியையும் யோகட்டையும் வரிசையின் கடைசியில் வையுங்கள், சிப்ஸ் நமுத்துப்போகாது. கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள், வீண்விரயம் இராது. சீஸ் வாங்க வசதியில்லையா? போஞ்சி விதையும் தக்காளிச் சம்பலும் போதும். அனாயாவும் இருந்ததைத்தானே வைத்தார்!

மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னோம். அவள் திரும்பவும் ஒரு கேள்வி கேட்டாள். "எங்கட ஊர்க் கலியாணத்துக்கு ஆக்குறவங்கட பேர் என்ன?" ஆண்டாண்டாக அவர்கள் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டிருக்கிறோம். இருவரின் பெயரைத்தான் எங்களால் சொல்ல முடிந்தது.

அடுத்த வலீமாவில் ஆறு பேராகச் சஹனுக்குக் குந்தும்போது, நெருப்படியில் நின்றவர் யார் என்று கேட்டறிவோம். அவர் பெயரைச் சொல்லி துஆச் செய்வோம்.