வைபவமாலை வந்த வழி

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டார். மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிக் கொடுத்தார். ‘யாழ்ப்பாண வைபவமாலை’ பிறந்தது அப்படித்தான், பதினெட்டாம் நூற்றாண்டில், ஓலையில். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைப் பார்த்தே எழுதியதாகப் புலவர் சொல்லி வைத்திருக்கிறார். கடைசி இரண்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

வைபவமாலைக்குப் படி எடுக்க ஆள் இருந்தது. ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் போனது. 1879இல் பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு கொழும்பில் வெளிவந்தது. 1949இல் குல. சபாநாதன் குறிப்புகளோடு தமிழ்ப் பதிப்புக் கொண்டுவந்தார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலானபோது, பிரதிகள் வேறு அலுமாரிகளிலும் இருந்ததால் இது பிழைத்தது.

2005 தைப்பொங்கலன்று தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகத் திட்டம் அதை இணையத்துக்குக் கொண்டுவந்தது. இனித்தான் உண்மையான சிக்கல். கொழும்பு ஹெவ்லொக் டவுன் மாடிவீடொன்றில் ஒரு மாணவி ஒப்படைக்காக இதைப் போனில் தேடுகிறாள் என்று வையுங்கள். ‘வைபவமாலை’ என்று சேர்த்து அடிப்பாளா, ‘வைபவ மாலை’ என்று பிரித்தா? பிறிற்றோவா, பிரிட்டோவா? ‘குல.’ முன்னுக்கா, பின்னுக்கா? ஓர் இடைவெளி பிசகினால், இருக்கிற நூலும் இல்லாத நூலாகிவிடும். நூலகம் இயங்குவது விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கி மென்பொருளில். அதில் வழிமாற்று என்றொரு வசதி உண்டு. எப்படி அடித்தாலும் ஒரே பக்கத்துக்கு இழுத்து வரலாம். ஆனால் வாசகர் எப்படியெல்லாம் பிழைவிடுவார் என்று யோசிக்க ஓர் ஆள் வேண்டும். பழைய படியெடுப்பவரின் வேலை இன்று அவருடையது.

ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். உள்ளே இருக்கும் சொல்லைத் தேடல் பெட்டி அறியாது. அதனால் நூலகத்தில் பல நூல்களுக்கு உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அழகான முகப்புப் பக்கத்தைவிட எனக்கு அதுவே பெரிது. ‘வாசிக்க’ என்ற தலைப்பின் கீழ், இணைப்புக்குப் பக்கத்திலேயே கோப்பு எத்தனை எம்பி என்றும் இருக்கும். டேட்டா காட் போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஏடுகளுக்கு இதுவும் போதாது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது; எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். எவ்வளவு துல்லியமாகப் படம் பிடித்தாலும் பழக்கமில்லாத கண்ணுக்கு அது கீறல்தான். ஓலைப் படத்துக்குப் பக்கத்தில் பிரித்தெழுதிய வாசகமும் வேண்டும், எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்ற குறிப்பும் வேண்டும்.