ஓதலும் உரையும் யாப்பும்: எமது மாணவர் கவிதை கற்ற கதை

ஈழத்து முஸ்லிம்களின் கவிதை வரலாற்றை எழுதியோர் புலவர்களின் பெயர்களையும் அவர்கள் இயற்றிய நூல்களையும் தேடித் தொகுத்துத் தந்துள்ளனர். அது பெரும் பணி. ஆயினும், அந்தப் புலவர்கள் மாணவர்களாக இருந்தபோது கவிதையை எவ்வாறு கற்றார்கள் என்ற கேள்வி எமது ஆய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குக் கவிதையை வாசிக்கவும் அதன் பொருளை உணரவும் தாமே எழுதவும் எப்படிப் பழக்கியது? இந்தக் கேள்வியின் வழியே பின்னோக்கிப் பார்த்தால், இன்றைய வகுப்பறையில் நாம் எதை இழந்திருக்கிறோம் என்பதும் தெரியவரும்.

காதால் கற்ற கல்வி

எமது பிள்ளைகள் முதலில் கவிதையைக் கற்றது காதினால்தான். ஓதப்பள்ளியில் லெப்பையின் முன்னால் அமர்ந்து குர்ஆனை ஓதப் பழகிய பிள்ளை, எழுத்தின் ஓசையையும் நீட்ட வேண்டிய இடத்தையும் நிறுத்த வேண்டிய இடத்தையும் தஜ்வீத் முறைப்படி அறிந்துகொண்டது. குர்ஆன் கவிதையன்று, அவ்வாறு சொல்வது தகாது. ஆனால் ஓசையை மதிக்கும் பழக்கத்தைப் பிள்ளை அங்குதான் பெற்றது. அதன் பின்னர் சுப்ஹான மவ்லிதும், இமாம் பூசிரி பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய புர்தாவும் வந்தன. பொருள் விளங்காமலே அடிகளைச் சேர்ந்து பாடிய பிள்ளைகளுக்கு, எல்லா அடியும் ஒரே ஒலியில் முடிவது ஓர் இன்பமாக இருந்தது. எதுகை, இயைபு என்ற பெயர்களை அவர்கள் பிற்காலத்தில்தான் கேட்டார்கள்.

வீட்டுக்குள் இன்னொரு பள்ளி நடந்தது. அறபுத் தமிழில் எழுதப்பட்ட மாலைகளையும் தலைப்பாத்திஹாவையும் மூத்தம்மாமார் மனனமாகப் பாடினார்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத பெண்கள்கூட அறபு எழுத்தில் தமிழ்ச் செய்யுளை வாசித்தார்கள். எழுத்தறிவு பற்றிய கணக்கெடுப்புகள் இத்தகைய வாசிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. கிழக்கிலங்கையின் வயலோரங்களில் பாடப்பட்ட நாலடிக் கவிகளோ வேறொரு வகையான பயிற்சி. காவற்பரணில் இருந்து ஒருவர் ஒரு கவியைச் சொன்னால், அடுத்த பரணில் இருப்பவர் அதே மெட்டில் மறுகவி கட்ட வேண்டும். கேட்டல், பொருள் உணர்தல், கட்டுதல் ஆகிய மூன்றும் ஒரு மூச்சில் நடந்த கல்வி அது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இக்கவிகளைத் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் பெரும்பகுதி பாடியவர்களோடே போயிருக்கும்.

சீறா படித்தலும் பொருள் சொல்லலும்

அடுத்த படி சீறாப்புராணம். உமறுப்புலவரின் இந்தக் காவியத்தை சேகனாப் புலவர் எனப்படும் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் 1842 இல் அச்சிட்டார். அதன் பின்னர் ஊர்தோறும் சீறா படிக்கும் வழக்கம் வலுப்பெற்றது. ஒருவர் இராகத்துடன் பாட்டைப் படிப்பார். மற்றவர் சீர் சீராகப் பதம் பிரித்துப் பொருள் சொல்லுவார். சபையில் பெரியவர்களுடன் பிள்ளைகளும் இருப்பார்கள்.

இந்தச் சபையில் நடந்தது சாதாரண விடயமல்ல. படிப்பவர் பாட்டின் ஓசைக்கு ஏற்பச் சொற்களைச் சேர்த்துப் படிக்கிறார். பொருள் சொல்பவர் அவற்றை மீண்டும் பிரிக்கிறார். எழுவாய் முதலடியிலும் பயனிலை நாலாம் அடியிலும் கிடந்தால் அவற்றைக் கொண்டுகூட்டிக் காட்டுகிறார். பின்னர் அந்தச் சம்பவத்தை ஸீராவின் வரலாற்றோடு இணைத்து விளக்குகிறார். பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என்று நாம் இன்று தனித்தனியாக எழுதுவதை அவர் ஒரே இருப்பில் செய்து முடித்தார். பக்கத்தில் இருந்த பிள்ளை, ஒரு பாட்டை எப்படித் திறப்பது என்பதைப் பார்த்துப் பழகியது.

அதே இடத்தில் மொழியின் நுட்பமொன்றையும் அது கற்றது. தமிழ் மரபில் றகரம் சொல்லுக்கு முதலில் வராது. எனவே றசூல் என்ற சொல் ‘இறசூல்’ ஆகிறது. மெய்யில் முடியும் உமர் ‘உமறு’ ஆகிறது. ஜிப்ரீல் என்ற வானவரின் பெயர் ‘ஜிபுறயீல்’ என நீண்டு செய்யுளின் சீருக்குள் அமர்கிறது. அறபுச் சொல் தன் கண்ணியத்தை இழக்காமலும் தமிழ் யாப்பு தன் விதியை இழக்காமலும் இரண்டும் சந்திக்கும் இடம் அது. தனது மார்க்கத்தைத் தனது மொழியில் சொல்ல முடியும் என்ற நம்பிக்கையை எமது மாணவர் இங்கிருந்துதான் பெற்றிருக்க வேண்டும்.

உமறுப்புலவரே ஒரு நல்ல மாணவர் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் பொருத்தம். எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் அவர் தமிழ் கற்றார் என்றும், நபிகளாரின் வரலாற்றை ஆலிம்களிடம் கேட்டறிந்தார் என்றும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. யாப்பை ஓர் இந்துப் புலவரிடமும் பொருளை ஓர் ஆலிமிடமும் கற்ற மாணவரின் கையிலிருந்தே எமது பெருங்காவியம் பிறந்தது.

அச்சும் பாடசாலையும்

1882 இல் அறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியபோது நிலைமை மாறத் தொடங்கியது. புலவர்களின் பாடல்கள் அதில் வெளிவந்தன. சபையில் கேட்ட பாட்டு இப்போது கண்ணால் வாசிக்கும் பாட்டாயிற்று. ஓர் ஊர்ப் புலவரின் செய்யுளை வேறோர் ஊர் மாணவன் தனியே இருந்து வாசிக்கும் வாய்ப்பு ஏற்பட்டது. 1892 இல் கொழும்பில் தொடங்கிய மத்ரஸதுஸ் ஸாஹிரா பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. 1940 களில் இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் பரவின; அட்டாளைச்சேனை போன்ற இடங்களின் ஆசிரிய கலாசாலைகளில் இருந்து தமிழ் கற்பிக்கும் முஸ்லிம் ஆசிரியர்கள் வெளிவந்தார்கள். கிராமத்துப் பாடசாலையில் கவிதையைக் கற்பித்தவர்களுள் பலர் தாமே கவிதை எழுதுபவர்களாக இருந்தமை அக்காலத்தின் பேறு. மருதமுனைப் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீனும் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையும் இந்த வகையினர்.

பல்கலைக்கழகமும் இக்காலத்தில் கதவைத் திறந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943 இல் சுவாமி விபுலானந்தர் பொறுப்பேற்றார். அங்கு தமிழைச் சிறப்பாகக் கற்ற ம.மு. உவைஸ், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்புப் பற்றிய தமது ஆய்வை 1953 இல் நூலாக வெளியிட்டார். 1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ், விபுலானந்தருடன் நெருங்கிப் பழகியவர். 1948 முதல் 1961 வரை ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்த அவர் இக்பாலின் சிந்தனையைத் தமிழ் பேசும் மாணவரிடையே பரப்பினார். அப்துல் காதர் லெப்பையின் ‘இக்பால் இதயம்’ அந்த அலையில் விளைந்த கனி.

ஆனால் பாடசாலை ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டது. பரீட்சை வினாத்தாள் கவிதையைப் பகுதி பகுதியாகப் பிரித்தது. பொருள் எழுதுவதற்குப் புள்ளி உண்டு. அணியைப் பெயர் சொல்வதற்குப் புள்ளி உண்டு. ஓசையுடன் வாய்விட்டு வாசிப்பதற்குப் புள்ளி இல்லை. நாலு அடி கட்டிப் பார்ப்பதற்கும் இல்லை. புள்ளி இல்லாத இரண்டும் மெல்ல வகுப்பறையை விட்டு வெளியேறின.

கல்முனை தந்த பாடம்

வெளியேறிய அவ்விரண்டும் புகலிடம் தேடிய இடங்களுள் ஒன்று கல்முனை. பெரியநீலாவணையைச் சேர்ந்த கவிஞர் நீலாவணன் (1931–1975) தொழிலால் ஆசிரியர். 1960 களில் கல்முனை எழுத்தாளர் சங்கத்தைச் சுற்றி அவர் கூட்டிய இளைஞர்களுள் தமிழரும் முஸ்லிம்களும் இருந்தனர். எம்.ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன் ஆகியோர் அந்த வட்டத்தில் பழகி வளர்ந்தவர்கள். கவிதையை உரக்க வாசிப்பது, அதைப் பற்றிச் சளைக்காமல் விவாதிப்பது, எழுதியதை மற்றவர் முன் வைப்பது ஆகியவையே அங்கு பாடத்திட்டம். பேச்சோசையும் யாப்போசையும் எங்கே இணைகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதைக் காதால் அறிய அது வழிசெய்தது.

உருது இலக்கியத்தில் இதற்கு ‘இஸ்லாஹ்’ என்று பெயர். மாணவன் தனது கவிதையை உஸ்தாதிடம் கொடுப்பான். உஸ்தாத் திருத்திக் கொடுப்பார். இளம் இக்பால் தமது கஸல்களைத் தபாலில் தாக் தெஹ்லவிக்கு அனுப்பித் திருத்தம் பெற்றார். இனித் திருத்துவதற்கு அதிகம் இல்லை என்று உஸ்தாத் விரைவிலேயே அறிவித்துவிட்டார் என்பது இக்பாலின் வரலாற்றில் பிரசித்தமான செய்தி. நாம் இக்பாலின் சிந்தனையைப் பெரிதும் பேசினோம். அவரை உருவாக்கிய இந்தப் பயிற்சி முறையைப் பற்றி அந்தளவுக்குப் பேசவில்லை.

நுஃமான் 1969 இல் கவிதைக்கென்றே ‘கவிஞன்’ என்ற இதழைத் தொடங்கினார். 1981 இல் அவரது மொழிபெயர்ப்பில் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ வெளிவந்தது. மொழிபெயர்ப்பும் மிக நெருக்கமான வாசிப்புத்தான். ஒரு சொல்லைத் தாண்டிச் செல்ல மொழிபெயர்ப்பாளனால் முடியாது. அந்நூலை வாசித்த எமது இளைஞர்கள், அரசியல் துயரத்தைக் கோஷமாக்காமல் கவிதையாக்கலாம் என்பதை அறிந்துகொண்டார்கள்.

இதே காலப்பகுதியில், 1970 இல், க. கைலாசபதியும் இ. முருகையனும் சேர்ந்து ‘கவிதை நயம்’ என்ற நூலை எழுதினர். ஒருவர் விமர்சகர், மற்றவர் கவிஞர். கவிதையை எப்படி வாசிப்பது என்பதை மாணவருக்குச் சொல்லும் நூலொன்றை இவ்விருவரும் இணைந்து எழுதியது பொருத்தமே. பொருளுரைப்பதோடு வாசிப்பு முடிவதில்லை. இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது என்று கேட்கும்போதே அது தொடங்குகிறது.

யாப்பு உடைந்த பின்னர்

1980 களில் புதுக்கவிதை எமது இளைஞரிடையே ஆழ வேரூன்றியது. கல்முனைக் கவிஞர் சோலைக்கிளியின் ‘நானும் ஒரு பூனை’ 1985 இலும் ‘எட்டாவது நரகம்’ 1988 இலும் வெளிவந்தன. அவருடைய படிமங்களைப் பழைய பதவுரை முறையால் திறக்க முடியவில்லை. சொல் எல்லாம் தெரிந்த சொல். ஆனால் பாட்டுப் பிடிபடவில்லை. ஆசிரியர்கள் பலர் திகைத்தனர். இதே கவிதைகளைப் பார்த்து, விதி எதுவும் இல்லை என்று எண்ணிய சிலர் வசனத்தை முறித்துப் போட்டுக் கவிதை என்றனர். ஆனால் சோலைக்கிளியின் வரிகளுக்குள் அந்த மண்ணின் பேச்சோசை உயிருடன் இருக்கிறது. ஓசையைக் காதால் கற்றவனுக்கே அதைக் கைவிடவும் தெரியும்.

இன்னொரு முறிவும் நேர்ந்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் அவர்களால் வெளியேற்றப்பட்டனர். அக்காலத்தில் கிழக்கில் இரு சமூகங்களுமே உயிர்களை இழந்தன. இலக்கிய வரலாறு இவற்றை வெறும் பின்னணியாகக் கொள்ள முடியாது. பெரியநீலாவணைக்கும் மருதமுனைக்கும் இடையில் ஒரு வீதிதான் இருக்கிறது. அந்த வீதியைக் கடந்து ஒரு கவிஞரின் வீட்டுக்கு இரவில் கவிதை கேட்கப் போவது ஒரு காலத்தில் இயல்பாக இருந்தது. பின்னர் அது துணிச்சலாகிவிட்டது. கடிகைமுத்துப் புலவருக்கும் உமறுக்கும் இடையில் இருந்த அந்தப் பழைய உறவே இங்கு அறுந்தது. புத்தகங்களை மீண்டும் வாங்கலாம். உஸ்தாதை அவ்வாறு வாங்க முடியாது.

இனி

இன்று சாதாரண தர வகுப்பில் ஒரு செய்யுளைப் படிக்கச் சொன்னால், பல மாணவரின் கை முதலில் தேடுவது வழிகாட்டி நூலை. பாட்டு ஒரு பக்கத்தில் இருக்க, அதன் ‘நயம்’ இன்னொரு பக்கத்தில் ஆயத்தமாக அச்சாகியிருக்கிறது. மாணவன் நயத்தை மனனம் செய்கிறான். பாட்டை மனனம் செய்வதில்லை. எமது முன்னோர் இதை நேர்மாறாகச் செய்தார்கள். பாட்டு நெஞ்சில் இருந்தது. பொருள் வயதோடு விளங்கியது. மனனம் செய்தவர் எல்லோரும் பொருளைத் தேடிச் சென்றதில்லை என்பதும் உண்மையே; பழைய முறையைக் குறையற்றதென்று சொல்வதற்கில்லை. ஆனால் தேடிச் செல்ல விரும்பியவரிடம் பாட்டாவது கைவசம் இருந்தது.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். முதலில் ஆசிரியர் ஒரு பாட்டை உரக்கப் படிக்கட்டும். மாணவர் ஒருவர் பின் ஒருவராகப் படிக்கட்டும். வழிகாட்டி நூலை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தமக்குப் பட்ட பொருளைச் சொல்லட்டும். ஏன் என்று ஆசிரியர் கேட்கட்டும். இறுதியில் ஈற்றடி ஒன்றைக் கொடுத்து மற்ற அடிகளைக் கட்டச் சொல்லலாம். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்ற வெண்பா விதியைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு விளையாட்டாகவே பிடித்துக்கொள்ளும். கட்டப்பட்ட அடிகளுள் பெரும்பாலானவை கவிதையாக இராது. அதனால் நட்டமில்லை. ஒரு அடியை நேராக்க அரை மணித்தியாலம் போராடிய பிள்ளை, அடுத்த வாரம் சீறாவின் ஒரு பாட்டைக் கேட்கும்போது வேறு காதால் கேட்கும்.

ஓதலும் உரையும் யாப்பும் எமது மரபில் ஒரே சபையில் இருந்தவை. அவற்றை மீண்டும் ஒரு பாயில் உட்கார வைப்பது எமது ஆசிரியர்களின் கையில் இருக்கிறது. அந்தப் பாயில் அடுத்த ஊர்ப் பிள்ளைக்கும் ஓரிடம் விட வேண்டும்.